கல்வெட்டும் இசைத்தட்டும்

விழுப்புரத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில், வயல்களும் பாறைக் குன்றுகளும் மாறி மாறித் தோன்றும் இடத்தில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அவ்வூர்ப் பாறையில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில், தமிழகக் கலை வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாகப் போற்றப்பெறுகின்றது. முகப்பின் இருபுறத்தும் வாயிற்காவலர் உருவங்கள் நிற்கின்றன. உள்ளே பின்சுவரில் மூன்று கருவறைகள் குடையப்பெற்றுள்ளன. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பல்லவக் கிரந்த எழுத்தில் அமைந்தது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி, பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் இக்கோயிலை விசித்திரசித்தன் எடுப்பித்தான் என்னும் செய்தியை அது கூறுகின்றது. கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அக்குரல் இன்றும் கேட்கின்றது. ஆனால் அது எழுத்தின் வழியே கேட்கும் குரலேயன்றி, காதின் வழியே கேட்கும் குரல் அன்று.

இம்மன்னன் 'மத்தவிலாசம்' என்னும் நகைச்சுவை நாடகத்தை இயற்றியவன். 'சங்கீர்ணசாதி' என்னும் அவனது பட்டப்பெயர் இசையோடு தொடர்புடையதென்று பலரும் கருதுவர். புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் உள்ள இசைக் கல்வெட்டை அவனோடு தொடர்புபடுத்துவது ஒரு மரபு. அதனை ஏற்காத ஆய்வாளரும் உளர். யாருடையதாயினும், அக்கல்வெட்டு ஓர் அரிய முயற்சியாகும். ஏழு பகுதிகளாக, நான்கு நான்கு சுரங்களாகத் தொகுத்து, இசையையே கல்லில் பொறித்து வைக்க அது முயன்றது. எழுத்துகள் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்கின்றன. ஆயினும் அச்சுரங்கள் எந்தக் குரலில், எந்த அசைவுடன், எந்த நடையில் ஒலித்தன என்பதைக் கல் சொல்லவில்லை. இசையின் எலும்பு எஞ்சியது, உயிர் எஞ்சவில்லை.

உயிரையும் சேர்த்துப் பொறிக்கும் ஆற்றல் மனிதனுக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வாய்த்தது. அவ்வாறு பொறிக்கப்பெற்ற தமிழ்க் குரல்கள் இசைத்தட்டுகளில் உறைகின்றன. இன்று அத்தட்டுகளைத் தேடி வாங்கி, வீட்டில் ஐந்து ஒலிபெருக்கிகளையும் அதற்கு மேலும் நிறுவி, 'சரவுண்ட் சவுண்ட்' எனப்பெறும் சூழொலி அமைப்பின் வழியே கேட்போர் பலர் உளர். பழைய தட்டைப் புதிய கருவியில் கேட்கும்பொழுது செவியில் விழுவது எது? பதிவான குரலா, கருவி சேர்த்த ஒலியா? கல்வெட்டைப் படிப்பதற்கு ஒரு நெறி இருப்பதைப் போல, இசைத்தட்டைக் கேட்பதற்கும் ஒரு நெறி வேண்டும் என்பதை வரலாற்று வழியே நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலிக்கு வாய்த்த எழுத்து

1877இல் அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசன், உருளை ஒன்றன்மேல் சுற்றிய ஈயத் தகட்டில் பேச்சொலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்தார். பத்தாண்டுகளுக்குப் பின், 1887இல், எமில் பெர்லினர் உருளைக்கு மாற்றாகத் தட்டையான வட்டை அறிமுகப்படுத்தினார். இசைத்தட்டின் வரலாறு அங்குத் தொடங்குகின்றது. உழவன் ஏரால் கீறும் சாலைப் போன்று தட்டின் மேல் ஒரே சால், விளிம்பிலிருந்து நடுப்பகுதி வரை சுருண்டு செல்கின்றது. ஒலியின் அதிர்வுக்கேற்ப அச்சால் இடமும் வலமுமாக வளைந்து நெளிகின்றது. ஊசி அந்நெளிவைப் பின்பற்றி அசையும்பொழுது, பாடியவர் குரல் மீண்டும் பிறக்கின்றது. பனையோலையில் எழுத்தாணி செய்த வேலையைத் தட்டில் குரலே செய்தது எனலாம்.

1902ஆம் ஆண்டு இறுதியில் பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கிராமபோன் நிறுவனத்தின் சார்பில் கல்கத்தாவுக்கு வந்தார். அங்கு அவர் பதிந்தவர்களுள் கௌஹர் ஜான் புகழ் பெற்றவர். மூலப்பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று, அங்குத் தட்டுகளாக அச்சாகித் திரும்பின. பாடியவர் யாரென்று தொலைவிலுள்ள தொழிலாளர்க்குத் தெரிய வேண்டுமென்பதால், பாட்டின் முடிவில் பாடகியே தம் பெயரைச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. அரசர்கள் கல்வெட்டில் தம் பெயர் பொறித்தது போலவே, அரசரல்லாத ஒரு கலைஞர் தம் பெயரைத் தம் குரலிலேயே பொறிக்கும் வாய்ப்பு அவ்வாறு உண்டாயிற்று. 1908இல் கல்கத்தாவின் சியால்டா பகுதியில் தட்டு அச்சிடும் ஆலை எழுந்தது. 1928இல் அது டம்டம் என்னும் இடத்திற்கு மாறியது. தட்டுக்கு மூலப்பொருளாகிய அரக்கு இந்தியக் காடுகளிலிருந்தே உலகெங்கும் சென்றது என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

தென்னாட்டிலும் அந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளிலேயே ஒலிப்பதிவு தொடங்கிவிட்டது. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோர் தொடக்கக் காலத் தட்டுகளில் பாடியவர்கள். வழிவழியாக ஆடலும் பாடலும் பயின்ற மரபில் வந்த பெண்டிரே புதிய கருவியின் முன் அஞ்சாது நின்றனர் என்பதை இப்பெயர்கள் காட்டுகின்றன. சமூகம் அம்மரபினரைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கிய அதே காலத்தில், அவர்தம் குரல்கள் அரக்கில் நிலைபெற்றன. கோயம்புத்தூர் தாயியின் தட்டு கடல் கடந்து பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாழ் என்பவரின் செவிக்கும் எட்டிற்று. 1912 அளவில் இந்தியாவிற்கு வந்து திரும்பிய அவர், தாயியின் பாட்டை அடியொற்றி 'ராகமாலிகா' என்னும் படைப்பை உருவாக்கினார். 1917இல் மறைந்த அவ்வம்மையாரின் குரலை இன்று ஆராய விரும்புவோர்க்குத் தட்டைத் தவிர வேறு சான்று இல்லை.

மூன்று நிமிட இலக்கணம்

நிமிடத்திற்கு 78 சுற்று சுழலும் பத்து அங்குலத் தட்டில், ஒரு பக்கத்திற்கு ஏறக்குறைய மூன்று நிமிடமே கிடைக்கும். இரவு முழுதும் விரியக்கூடிய இசையை அச்சிறு அளவுக்குள் அடக்க வேண்டியிருந்தது. ஆலாபனை சில விநாடிகளாகச் சுருங்கியது, சரணங்கள் சில விடுபட்டன, நடை விரைவுற்றது. குறள் வெண்பாவின் ஏழு சீரைப் போல இதுவும் ஓர் யாப்பாயிற்று. ஆகவே பழைய தட்டைக் கேட்டு, அக்காலத்தவர் இவ்வளவு விரைவாகத்தான் பாடினர் என்று முடிவு கட்டுதல் பிழையாகும். கருவியின் வரம்பு எது, கலைஞரின் தேர்வு எது எனப் பிரித்தறிதல் வேண்டும்.

1925 வரையில் பதிவு முறை முற்றிலும் இயந்திர வழிப்பட்டது. பாடுவோர் பெரிய கூம்புக் குழாயின் வாயருகே நின்று உரக்கப் பாடினர். அக்குரலின் விசையே ஊசியை அசைத்தது. அவ்வாண்டில் ஒலிவாங்கியும் மின்வழிப் பதிவும் வந்தபின் மெல்லிய குரலும் தட்டில் இடம்பெறலாயிற்று. தமிழிசைத் தட்டு வணிகத்தின் பெருக்கம் இம்மாற்றத்தின் பின் நிகழ்ந்தது. 1930களின் தொடக்கத்தில் ஏ.வி. மெய்யப்பன் தம் நண்பர்களுடன் சென்னையில் நிறுவிய சரசுவதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளின் வழியே அத்துறையில் ஓங்கியது. பிற்காலத்தில் ஏவி.எம். எனப் புகழ்பெற்ற திரைப்பட நிறுவனத்தின் வேர் இசைத்தட்டுக் கடையில் இருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

செங்கோட்டையில் 1906இல் பிறந்து 1933இல், இருபத்தேழாம் அகவையிலேயே மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பா, நாடக மேடையில் ஒலிபெருக்கியின் துணையின்றிப் பெருந்திரளை ஆட்கொண்டவர். தமிழ்ப் பேசும் படம் 1931இல் தோன்றிய போதிலும் அவர் திரையில் தோன்றவில்லை. அவரை அறிய இன்று எஞ்சியவை இசைத்தட்டுகளே. அவருடன் மேடையில் இணைந்து நடித்த கே.பி. சுந்தராம்பாளின் தட்டுகளும் அக்காலத்தில் ஊரூராகப் பரவின. இவர்கட்கு மாறான இயல்பினர் வீணை தனம்மாள் (1867–1938). சென்னையில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிக்க, தேர்ந்த சிலர் மூச்சடக்கி அமர்ந்து கேட்டனர் என்பது இசையுலகம் நன்கறிந்த செய்தி. 1930களில் பதிவான அவருடைய தட்டுகள் மிகச் சிலவே. கிட்டப்பாவின் குரல் கொட்டகையை நிரப்பப் பிறந்தது. தனம்மாளின் வீணை ஒரு கூடத்துக்குள் அடங்கி நின்றது. இரண்டையும் ஒரே அளவு அரக்குத் தட்டு தாங்கி நிற்கின்றது.

ஊர் கேட்ட இசை

இசைத்தட்டு என்றவுடன் செல்வர் இல்லத்துக் கூடமும், பித்தளைக் குழாய் பொருத்திய பெட்டியும் மனத்தில் தோன்றும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் வரலாறு வேறாகும். கருவியை விலை கொடுத்து வாங்க இயலாத பெருங்கூட்டத்தினர் தட்டைக் கேட்டது தெருவில்தான். திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் ஆகிய யாவற்றிற்கும் 'ரேடியோ செட்' அமர்த்துவது வழக்கமாயிற்று. தட்டுப் பெட்டி, சுழலும் இயந்திரம், ஒலிபெருக்கிப் பெட்டி ஆகியவற்றோடு வந்திறங்கும் செட்டுக்காரர், பனையிலும் வேம்பிலும் ஏறிக் குழாய்களைத் திசைக்கொன்றாகக் கட்டுவார். சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாடல் எழுந்தால் விழா தொடங்கிவிட்டது என்பது அயலூர்க்கும் அறிவிப்பாகும். ஆடித் திங்களில் எல்.ஆர். ஈசுவரியின் அம்மன் பாடல்கள் ஓங்கி ஒலித்தன. பாட்டேயன்றித் திரைப்பட உரையாடல்களும் தட்டுகளாக வந்தன. 'பராசக்தி' (1952), 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) ஆகிய படங்களின் உரையாடல்களைப் படத்தைப் பாராதவரும் மனப்பாடமாகச் சொன்னதற்குக் குழாய் ஒலிபெருக்கியே காரணம்.

செஞ்சி வட்டாரத்தில் இதற்கு ஒரு தனிப் பின்னணி உண்டு. செஞ்சியை அடுத்த மேலச்சேரி, திரௌபதி அம்மன் வழிபாட்டு மரபில் முதன்மை பெற்ற ஊர். அவ்வழிபாட்டை விரிவாக ஆராய்ந்து ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் என்னும் அமெரிக்க அறிஞர் 1988இல் நூல் வெளியிட்டார். அம்மரபின் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும், இரவில் தெருக்கூத்தும், இறுதியில் படுகளமும் தீமிதியும் நிகழும். கூத்தில் ஆடுகளத்தைச் சூழ மக்கள் அமர்வர். மத்தளமும் முகவீணையும் ஒருபுறம் ஒலிக்க, கட்டியங்காரனின் பேச்சு மறுபுறம் எழ, கூட்டத்தின் நடுவிலிருந்தே வேடக்காரர் புகுந்து வருவதும் உண்டு. ஒலி தன்னைச் சூழ்ந்து நிற்பதென்பது இவ்வட்டாரத்தவர்க்குப் புதிய பட்டறிவு அன்று. பனைமரக் குழாய்கள் நான்கு திசையிலிருந்தும் ஒரே பாட்டை ஒலிக்க, தொலைவுக்கேற்ப ஒன்றன்பின் ஒன்றாக அது வந்து சேர, ஊரே அவ்வொலிக்குள் அமிழ்ந்து கிடந்தது. சூழொலியைக் குறை கூறப் புகுவோர் இவ்வரலாற்றை மறத்தல் ஆகாது.

ஒரு வாயிலிருந்து பல வாய்க்கு

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் செயற்கைப் பொருளாலான நெடுந்தட்டை வெளியிட்டது. நிமிடத்திற்கு முப்பத்து மூன்றேகால் சுற்று என்று பேச்சு வழக்கில் சொல்லப்பெறினும், அதன் வேகம் முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் ஆகும். ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேல் இசை அடங்கிற்று. மூன்று நிமிட யாப்பு தளர்ந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் நெடுந்தட்டாக வந்து, தென்னாட்டு இல்லங்களின் விடியற்காலையையே மாற்றியமைத்தது. ஆயினும் இந்தியாவில் அரக்குத் தட்டுகள் உடனே மறையவில்லை. மேலை நாடுகள் கைவிட்ட பின்னரும், 1960களில் அவை இங்கு வெளிவந்தன.

ஒலி இரு வழிகளாகப் பிரிந்தது அடுத்த மாற்றம். ஆங்கிலப் பொறியாளர் ஆலன் புளும்லைன் 1931இலேயே அதற்கு வழி கண்டிருந்தார். சாலின் இரு சுவர்களிலும் தனித்தனி ஒலியைப் பதித்தால், இடச்செவிக்கு ஒன்றும் வலச்செவிக்கு ஒன்றுமாக வழங்கலாம் என்பது அவர் கண்ட உண்மை. 1957–58இல் அது 'ஸ்டீரியோ' தட்டாக வணிகத்துக்கு வந்தது. தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோ முறையில் பதிவான முதற் பாடல்கள் இளையராசா இசையமைத்த 'பிரியா' (1978) படத்தினுடையவை என்று பொதுவாகக் கூறுவர்.

1970களின் தொடக்கத்தில் தட்டிலேயே நான்கு வழி ஒலியைப் புகுத்தும் முயற்சிகள் எழுந்தன. நிறுவனத்திற்கொரு முறை எனப் பிரிந்து நின்றமையால், ஒன்றின் தட்டு மற்றொன்றின் கருவியில் சரிவர ஒலிக்கவில்லை. அப்பத்தாண்டு முடிவதற்குள் அம்முயற்சி வீழ்ந்தது. அதே காலத்தில் டேவிட் ஹாஃப்ளர் என்பார் மிக எளிய வழியொன்றைக் கண்டார். இடவொலிக்கும் வலவொலிக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பிரித்தெடுத்துப் பின்புற ஒலிபெருக்கிக்கு அனுப்புவதே அவ்வழி. அரங்கின் எதிரொலி பெரும்பாலும் அவ்வேறுபாட்டில் தங்கியிருப்பதால், கேட்பவர்க்கு அரங்கினுள் அமர்ந்த உணர்வு உண்டாகும். திரையரங்குக்கென வளர்ந்த டால்பி முறை 1982இல் வீட்டுக்கு வந்தபொழுதும், 1987இல் 'புரோ லாஜிக்' எனத் திருத்தம் பெற்றபொழுதும், அதன் அடிப்படை இந்த வேறுபாட்டுக் கணக்கே ஆகும்.

இந்தியாவில் ஒலிநாடாவின் பெருக்கத்தாலும் பின்னர் வந்த குறுந்தகட்டாலும் தட்டுத் தொழில் 1990களில் அடங்கியது. ஆனால் அண்மைக் காலத்தில் தட்டு மீண்டும் மதிப்புப் பெற்றுள்ளது. அமெரிக்காவில் 2020இல் வினைல் தட்டுகளின் விற்பனை வருவாய் குறுந்தகடுகளின் வருவாயை முந்தியது. 1980களுக்குப் பின் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. தமிழகத்திலும் பழந்தட்டுத் தேடுவோர் பெருகினர். திரைப்படம் பார்ப்பதற்கென வீட்டில் நிறுவிய சூழொலி அமைப்போடு தட்டு இயந்திரத்தையும் இணைத்தல் அதனால் நேர்ந்தது.

பின்புறத்தில் பேசும் தூசி

இவ்விணைப்பில்தான் வரலாற்றாய்வாளர் விழிப்புடன் இருக்க வேண்டிய இடம் அமைந்துள்ளது. கிட்டப்பாவின் தட்டோ தனம்மாளின் தட்டோ ஒற்றை வழி ஒலியுடையது. அதில் இசை முழுவதும் சாலின் இட வல நெளிவிலேயே உள்ளது. சாலின் இரு சுவர்களும் ஒரே செய்தியையே சொல்கின்றன. ஆகவே இடவொலிக்கும் வலவொலிக்கும் இசையில் வேறுபாடு இல்லை. வேறுபாடு இருப்பது எதில்? சாலில் படிந்த தூசியில். எஃகு ஊசி உழுத கீறலில். இயந்திரத்தின் மேல்கீழ் அதிர்வில். எனவே வேறுபாட்டைப் பிரித்தெடுத்துப் பின்புறம் அனுப்பும் கருவி, அத்தட்டிலிருந்து பின்புறம் அனுப்புவது பழுதை மட்டுமே. முன்னே கிட்டப்பா பாடுகின்றார். பின்னே தூசி பேசுகின்றது. எதிரொலியென்று மயங்கிக் கேட்பவர் கேட்பது எந்த அரங்கின் எதிரொலியும் அன்று.

இதற்கு மறுதலையான உண்மையும் உண்டு. இடவொலியையும் வலவொலியையும் ஒன்றாகக் கூட்டினால், மேல்கீழ் அசைவாலான இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நெளிவிலுள்ள இசை மட்டும் தெளிந்து நிற்கும். பெட்டியில் உள்ள 'மோனோ' என்னும் சிறு விசையை அழுத்துவது, பழந்தட்டுக்குச் செய்யும் மிக எளிய தூய்மைப்பணி ஆகும். எடிசன், பாத்தே போன்ற சில நிறுவனங்களின் பழந்தட்டுகளில் மட்டும் இசை மேல்கீழ் அசைவாகப் பதிவாகியிருப்பதால், அவற்றுக்கு இக்கணக்கு தலைகீழாகும். அங்குக் கூட்டினால் பாட்டே மறைந்துவிடும். திருந்திய சூழொலிக் கருவி இரு வழியிலும் ஒன்றாக வரும் ஒலியை நடுவிலுள்ள ஒலிபெருக்கிக்கே அனுப்பிவிடுகின்றது. ஐந்து வாய்கள் இருந்தும் ஒரு வாயால் மட்டும் பேசி, பழைய குழாய்ப் பெட்டியின் நிலைக்கே அக்கருவி தானாகத் திரும்புகின்றது என்பது நயமான செய்தி.

இதனினும் பெரிய மாற்றத்தைச் செய்வன 'ஹால்', 'ஸ்டேடியம்' முதலிய பெயர்களில் கருவியிலுள்ள விசைகள். அவை தட்டில் இல்லாத எதிரொலியைக் கணக்கிட்டுப் படைத்துச் சேர்க்கின்றன. சிறு கூடத்தில், கையெட்டும் தொலைவில் அமர்ந்தோர்க்கென வாசித்த தனம்மாளின் வீணையை அவை பெருமண்டபத்தில் கொண்டு வைக்கின்றன. கேட்பதற்கு அது இனிதாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வீணைக்கு அம்மண்டபத்தில் ஒருநாளும் இடம் இருந்ததில்லை.

சுழற்சியின் வேகமும் இவ்வாறே. தொடக்கக் காலத் தட்டுகள் எல்லாம் 78 சுற்றில் பதிவானவை அல்ல. 74 சுற்றில் பதிவான தட்டை 78 சுற்றில் ஓட்டினால், பன்னிரு சுரத்தானங்களில் ஏறக்குறைய ஒரு தானம் அளவுக்குச் சுருதி உயர்ந்துவிடும்; நடையும் விரையும். பெண் குரல் சிறுமியின் குரலாகத் திரியும். அதனைக் கேட்டு, அக்காலப் பெண்டிர் இத்துணை உயர் சுருதியில் பாடினர் என எழுதுவது பிழைபட்ட பாடத்திற்கு உரை காண்பதை ஒக்கும்.

மூலமும் உரையும்

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த தமிழறிஞர்கள் இத்தகைய இடர்ப்பாட்டை முன்னரே கண்டவர்கள். ஏடு எழுதியவர் சேர்த்த சொல், படித்தவர் செருகிய பாட்டு, செல் அரித்த இடத்தை ஊகத்தால் நிரப்பிய வரி ஆகியவற்றைப் பிரித்தறிந்து, மூலத்தை மூலமாகவும் பாடவேறுபாட்டை அடிக்குறிப்பாகவும் காட்டும் நெறியை உ.வே. சாமிநாதையர் போன்றோர் நிலைநாட்டினர். சிதைந்த இடத்தைச் சிதைந்தது என்றே புள்ளியிட்டுக் காட்டியது அந்நெறியின் நேர்மை. கல்வெட்டைப் படியெடுப்போரும் கல்லில் உள்ளதை மட்டுமே தாளில் ஒற்றி எடுப்பர். இல்லாத எழுத்தை மையால் வரைந்து சேர்ப்பதில்லை.

இந்நெறியை ஒலிக்கும் பொருத்திப் பார்க்கலாம். இசைத்தட்டு மூலம், சூழொலி உரை. உரை எழுதுவது குற்றமன்று. உரையாசிரியர்கள் இல்லையேல் பழந்தமிழ் நூல்கள் பலவற்றின் பொருள் விளங்கியிராது. 1964இல் வெளிவந்த 'கர்ணன்' திரைப்படம் 2012இல் புதுப்பிக்கப்பெற்று, புதிய திரையரங்குகளின் சூழொலிக்கேற்ப ஒலி சீரமைக்கப்பெற்றுத் திரையிடப்பெற்றபொழுது, அது பிறக்காத முன்னரே வந்த படத்தைக் காண இளைஞர்கள் திரண்டனர். அது நல்லுரை பெற்ற வெற்றி. தம் வீட்டில் தமக்குகந்த முறையில் பாட்டுக் கேட்டு மகிழ்வதும் எவருடைய உரிமையுமாகும். பனைமரக் குழாய்க்குக் கீழ் வளர்ந்த சமூகம் சூழ்ந்து வரும் ஒலியை விரும்புவதில் வியப்பும் இல்லை. ஆனால் உரையை மூலத்தின் இடத்தில் வைத்து, மூலத்தை மறந்துவிடுதல்தான் தவறு. எதிரொலி சேர்த்து, இரைச்சலை நீக்குகிறோமென்று குரலின் நுண்மையையும் சேர்த்து நீக்கி, அதனையே பழந்தட்டின் ஒலியெனப் படியெடுத்துப் பரப்பினால், அடுத்த தலைமுறைக்குக் கிடைப்பது இடைச்செருகல் மலிந்த சுவடியே ஆகும்.

மூலத்தைக் காக்கும் முறை அரிதன்று. அரக்குத் தட்டின் சால் அகலமானது. அதற்கேற்ப முனை ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் ஆரமுடைய ஊசி வேண்டும். நெடுந்தட்டுக்குரிய 0.025 மில்லிமீட்டர் ஊசி அச்சாலின் அடியில் விழுந்து, அங்குள்ள மண்ணைத்தான் உழும். தாழ்ந்த ஒலியைக் குறைத்தும் உயர்ந்த ஒலியை மிகுத்தும் தட்டில் பதிப்பது வழக்கம். மீட்கும்பொழுது அதனை நேர்செய்ய வேண்டும். அதற்கான பொது அளவு 1954இல்தான் ஏற்பட்டது. அதற்கு முன் நிறுவனந்தோறும் அளவு வேறுபட்டது. எந்த ஊசி, எந்த வேகம், எந்த அளவு என்பவற்றைக் குறித்து வைத்து, எதனையும் சேர்க்காமலும் நீக்காமலும் முதற்படியை எடுத்து வைத்தல் வேண்டும். செப்பனிடுவதும் சூழொலியாக்குவதும் அதன் மறுபடியில் நிகழட்டும்.

செய்யத்தக்கன

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டினை அடுத்துத் தொடங்கி 60 ஆண்டுகள் நிலைக்கும். ஆகவே 1930களின் தட்டுகளைப் பொறுத்தவரை ஒலிப்பதிவுரிமை தடையாக நிற்பதில்லை. தடையாக இருப்பவை கரையானும், ஈரமும், கவனக்குறைவுமே. அரக்குத் தட்டு கைதவறி விழுந்தால் உடைந்துபோகும். வினைல் தட்டு வெயிலில் வளைந்துவிடும். கோட்டையூரில் தனியொருவராக நூல்களையும் இதழ்களையும் சேர்த்த ரோஜா முத்தையாவின் தொகுப்பு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. தனிமனிதர் ஒருவரின் பொறுமை ஒரு மொழியின் ஆவணக் களஞ்சியமாக இயலும் என்பதற்கு அது சான்று. அச்சுக்கு வாய்த்த அத்தகைய பொறுமை ஒலிக்கும் ஊர்தோறும் வாய்க்க வேண்டும்.

செஞ்சி, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் தொழிலை விட்ட செட்டுக்காரர்களின் பரண்களில் தட்டுப் பெட்டிகள் இன்னும் கிடத்தல் கூடும். திரைப்பாடல்களுக்கிடையே நாடகப் பாட்டு, கதைப்பாட்டு, நகைச்சுவைப் பேச்சு என வேறெங்கும் எஞ்சாத ஒன்று அவற்றுள் இருக்கவும் இயலும். பழைய இரும்புக் கடைக்கு அவை போவதற்குமுன் இலக்கிய அமைப்புகள் அவற்றைத் தேடிப் பட்டியலிடலாம். தட்டின் நடுவிலுள்ள தாளில் காணும் பெயர், எண், நிறுவனம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பதற்குப் பெருஞ்செலவு இல்லை. அத்தட்டுகளை மரத்தடியில் ஓட்டிய முதியவர்களின் நினைவுகளையும் உடன் பதிந்து வைத்தால், எந்தப் பாட்டு எந்த விழாவில் ஒலித்தது என்னும் மக்கள் இசை வரலாறு உருவாகும். அம்முதியோர் இருக்கும் காலம் குறுகியது.

மண்டகப்பட்டுக் குடைவரையில் விசித்திரசித்தன் பெருமையாகச் சொல்லிக்கொண்டது, தான் எவற்றைச் சேர்த்தான் என்பதை அன்று. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதனையும் சேர்க்கவில்லை என்பதையே அவன் கல்லில் எழுதுவித்தான். சேர்த்துக் கட்டியவை பலவும் அழிந்துபோக, கல்லில் உள்ளதை மட்டும் கொண்டு எழுந்த அக்கோயில் நிற்கின்றது. பழந்தட்டைச் சுழலவிட்டு, ஊசியை அதன் விளிம்பில் இறக்குவோர், ஒரு முறையேனும் எல்லா விசைகளையும் அணைத்து, ஒற்றை ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து கேட்பாராக. மூன்று நிமிடத்திற்குள் முடிந்துபோகும் அக்குரல் எவ்விடத்திலிருந்து எழுந்ததோ அவ்விடத்திலிருந்தே வந்து சேரும்.